நிற்கச் சொன்ன கடையும் உட்கார்ந்த மக்களும்

அமெரிக்கா என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது வானளாவிய மாளிகை, கோடீசுவரர் கூட்டம், டாலர் குவியல்! அந்தக் குவியலில் ஒரு பெரும் பங்கு, ஏழை எளியவரின் சட்டைப் பையிலிருந்து ஐந்து சென்ட், பத்து சென்ட் என்று பொறுக்கிச் சேர்த்தது என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. எண்ணெய் மன்னர்கள் கதையும் எஃகு மன்னர்கள் கதையும் ஏட்டில் ஏராளம். நாம் எழுதப் புகுவது ஒரு கடையின் கதை. எதை எடுத்தாலும் ஐந்து சென்ட், எதை எடுத்தாலும் பத்து சென்ட் என்று பலகை மாட்டி, ஊருக்கு ஊர் கிளை பரப்பி, ஒரு காலத்தில் உலகிலேயே உயர்ந்த கட்டடத்தைக் கட்டிக்கொண்ட கடையின் கதை. அந்தக் கடைக்குள் யார் நின்றார்கள், யார் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதே தோழர்கள் அறிய வேண்டிய செய்தி.

நூறு சென்ட் சேர்ந்தால் ஒரு டாலர். ஐந்து சென்ட் நாணயத்தை அங்கே நிக்கல் என்பார்கள். பத்து சென்ட் நாணயத்தை டைம் என்பார்கள். அதனால்தான் இந்தக் கடைகளுக்கு 'பைவ் அண்ட் டைம்' என்று பெயர் வந்தது. திருவிழாக் கடையில் "எது எடுத்தாலும் ஓரணா" என்று கூவுவார்களே, அந்தக் கூவலை நிரந்தரக் கட்டடத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர் பிராங்க் வின்ஃபீல்ட் உல்வொர்த். 1852-இல் நியூயார்க் மாநிலத்தின் ராட்மன் என்னும் சிற்றூரில் உழவர் வீட்டில் பிறந்தவர். ஏர் பிடிக்கப் பிடிக்கவில்லை. கடைச் சிப்பந்தி ஆகவேண்டும் என்று ஆசை. 1873-இல் வாட்டர்டவுன் நகரில் ஒரு துணிக்கடையில் சேர்ந்தார். முதல் மூன்று மாதம் கூலி கிடையாது! வேலை கற்றுக் கொடுப்பதே கூலி என்றார் முதலாளி. பிறகு வேறொரு கடையில் வாரம் பத்து டாலருக்கு அமர்த்தினார்கள். இவனுக்கு விற்கத் தெரியவில்லை என்று சொல்லி எட்டு டாலராக வெட்டினார்கள். ஆம், உலகின் மிகப் பெரிய சில்லறை வியாபாரிகளுள் ஒருவர், வாடிக்கைக்காரரிடம் வாய் திறந்து பேச வராதவர்! ஜன்னலில் சரக்கை அழகாக அடுக்குவதில் மட்டும் கைதேர்ந்தவர்.

அந்நாளில் கடை என்றால் என்ன? சரக்கெல்லாம் சிப்பந்தியின் முதுகுக்குப் பின்னால், அலமாரியிலும் இழுப்பறையிலும் இருக்கும். வாங்க வருபவர் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று, எனக்கு இன்னது வேண்டும் என்று கேட்க வேண்டும். சிப்பந்தி எடுத்துக் காட்டுவார். விலையைக் கேட்க வேண்டும். பல இடங்களில் பேரமும் பேச வேண்டும். கந்தல் உடை உடுத்தவர் கேட்கவே கூசுவார். கேட்டுவிட்டு வாங்காமல் திரும்பினால் முகம் சுளிப்பார்கள். 1878-இல் வாட்டர்டவுன் கடையில் ஒரு சோதனை நடந்தது. தேங்கிக் கிடந்த சில்லறைச் சாமான்களையெல்லாம் ஒரு மேசைமேல் பரப்பி, இந்த மேசையில் எதை எடுத்தாலும் ஐந்து சென்ட் என்று எழுதி வைத்தார்கள். பேச்சில்லை, பேரமில்லை. மக்கள் வந்தார்கள், தொட்டார்கள், திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், எடுத்துக்கொண்டு காசைக் கொடுத்தார்கள். மேசை காலி!

விற்கத் தெரியாத சிப்பந்திக்கு அன்று புத்தியில் பொறி தட்டியது. பொருளைத் திறந்து வைத்துவிட்டால் அது தன்னைத் தானே விற்றுக்கொள்ளும். பேச்சு வல்லமை கொண்ட சிப்பந்தி தேவையே இல்லை! இந்தக் கண்டுபிடிப்பின் இரண்டாம் பாதியைத் தோழர்கள் மறந்துவிட வேண்டாம். பேசத் தெரிந்த சிப்பந்தி வேண்டாம் என்றால், நல்ல சம்பளமும் வேண்டாம் என்று பொருள்.

பழைய முதலாளியிடமே முந்நூறு டாலருக்குச் சற்று அதிகமான சரக்கைக் கடனாக வாங்கி, 1879 பிப்ரவரியில் யூட்டிகா நகரில் சொந்தக் கடை திறந்தார் உல்வொர்த். சில மாதங்களில் மூடிவிட்டார். அதே ஆண்டு ஜூன் 21-ஆம் நாள் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் நகரில் மறுபடியும் திறந்தார். முதல் நாள் விற்பனையே 127 டாலர். ஐந்து சென்ட் சாமான்களாக 127 டாலர் என்றால் எத்தனை கைகள் அந்த மேசைமேல் நீண்டிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்! பிறகு பத்து சென்ட் சாமான்களும் சேர்ந்தன. தம்பி சார்லஸ் வந்தார், உறவினர் வந்தனர், நண்பர் வந்தனர். ஆளுக்கொரு ஊரில் கடை வைத்தனர். 1912-இல் அத்தனை பேர் கடைகளும் ஒரே கம்பெனியாக இணைந்தபோது மொத்தம் 596 கடைகள். அந்த இணைப்பில் வாட்டர்டவுன் பழைய முதலாளி மூரின் கடையும் அடக்கம்! எஜமானின் கடையைச் சிப்பந்தியின் கம்பெனி விழுங்கிற்று.

உல்வொர்த் மட்டுமா? மெக்ரோரி 1882-இல் தொடங்கினார். கிரெஸ் 1896-இல் மெம்பிஸ் நகரில் தொடங்கினார். கிரெஸ்கி டெட்ராய்ட்டில் தொடங்கினார். கிராண்ட், மர்பி என்று பட்டியல் நீளும். எல்லாக் கடைகளும் ஏறக்குறைய ஒரே அச்சு. ஆகவே ஒரு கடைக்குள் நுழைந்து பார்த்தாலே போதும்.

முகப்பில் செக்கச் சிவந்த பலகை. அதில் பொன் எழுத்துக்களில் பெயர். நகரின் நடு வீதியில் எங்கிருந்து பார்த்தாலும் கண்ணைப் பறிக்கும். இரு பக்கமும் கண்ணாடி ஜன்னல். அதில் கோபுரமாக அடுக்கிய சாமான்கள், ஒவ்வொன்றிலும் விலைச் சீட்டு. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் எண்ணெய் பூசிய மரத்தளம், மேலே பூவேலை அழுத்திய தகரக் கூரை, தொங்கும் விளக்குகள். முதலில் மூக்கைத் தொடுவது மிட்டாய் மணம். மிட்டாய் மேசையை வாசலருகே வைத்தது தற்செயல் என்று நினைத்துவிடாதீர்கள்! குழந்தை அங்கே நின்றுவிடும், தாயும் நிற்பாள், நின்றவர்கள் உள்ளே வருவார்கள்.

நீளவாக்கில் வரிசை வரிசையாக விற்பனை மேசைகள். மேசையின் மேற்பரப்பைக் கண்ணாடித் தடுப்புகளால் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்திருப்பார்கள். ஓர் அறையில் பொத்தான், அடுத்ததில் ஊசி, அதற்கடுத்து நூற்கண்டு, சீப்பு, ரிப்பன், கைக்குட்டை, தகரப் பொம்மை, திருகாணி, பென்சில், கண்ணாடிக் கோப்பை. எல்லாம் கைக்கெட்டும் உயரத்தில், திறந்தபடி. இசைத் தாள் விற்கும் மேசையில் ஒருவர் பியானோ வாசித்துக்கொண்டே இருப்பார்; பாட்டைக் கேட்டுப் பிடித்தால் பத்து சென்ட் கொடுத்துத் தாளை வாங்கிப் போகலாம். தங்கமீன் தொட்டி ஒரு மூலையில், கிளிக்கூண்டு இன்னொரு மூலையில். பக்கச் சுவரோரம் நீண்ட சிற்றுண்டி மேசை. அதன் முன்னே தரையில் பதித்த கம்பத்தின்மேல் சுழலும் வட்ட ஸ்டூல்கள். கடை முழுவதிலும் மனிதன் உட்கார இடம் அது ஒன்றுதான்! அந்த ஸ்டூல்களைத் தோழர்கள் மனத்தில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுவோம். இந்தக் கடைகள் தொழிலாளி வீட்டுக்குப் பல பொருள்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. அன்று வந்து இறங்கிய அகதி, ஆங்கிலம் அறியாத இத்தாலியன், போலந்துக்காரன், எவராயினும் உள்ளே நுழையலாம், வாய் திறக்காமல் வாங்கலாம், வாங்காமலும் திரும்பலாம். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். சீமான் வீட்டில் மட்டும் மின்னிய கண்ணாடிக் கிண்ணம் சுரங்கத் தொழிலாளி வீட்டு அலமாரியிலும் ஏறியது. இது சிறிய செய்தி என்று நாம் சொல்லமாட்டோம்.

ஆனால் ஐந்து சென்ட்டுக்கு ஒரு பொருளைத் தருகிறான் என்றால், செய்தவனுக்கு என்ன கொடுத்தான்?

1880-இல் உல்வொர்த் பிலடெல்பியாவில் ஓர் இறக்குமதியாளரிடம் 25 டாலருக்குக் கண்ணாடி உருண்டைகள் வாங்கினார். கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் வண்ண உருண்டைகள். விற்குமா என்ற ஐயத்தோடு அரைமனதாக வாங்கியவை இரண்டே நாளில் தீர்ந்துபோயின. பிறகு ஆண்டுதோறும் பெட்டி பெட்டியாக வரவழைத்தார். அவை வந்த இடம் ஜெர்மனியின் துரிங்கியா மலைப் பகுதியில் உள்ள லௌஷா என்னும் ஊர். அங்கே அது ஆலைத் தொழில் இல்லை, குடிசைத் தொழில். தகப்பன் விளக்குச் சுடரில் கண்ணாடிக் குழாயைக் காட்டி ஊதுவான். தாய் உள்ளே வெள்ளிக் கரைசலை ஊற்றிக் குலுக்குவாள். பிள்ளைகள் வண்ணம் தீட்டி, கொக்கி மாட்டி, பெட்டியில் அடுக்குவார்கள். பக்கத்து ஊர் சோனபெர்க்கில் பொம்மைத் தொழிலும் இப்படியே. இரவு பகல் பாராது குடும்பமே உழைத்தால்தான் கஞ்சி. 1890 முதல் உல்வொர்த் நேரே ஐரோப்பாவுக்குப் போய்ச் சரக்கு பிடிக்கத் தொடங்கினார். நடுவில் இருந்த தரகனை விலக்கினார். அவ்வளவு மலிவாகக் கிடைத்தது. மலைக் குடிசையில் ஒரு சிறுமி தூக்கக் கலக்கத்தில் மாட்டிய கொக்கி, நியூயார்க்கில் ஐந்து சென்ட் மேசையில் பளபளத்தது!

இனி மேசைக்கு உட்புறம் வருவோம். நாலு பக்கமும் மேசை. நடுவே குறுகிய இடைவெளி. அதற்குள் நிற்பவள் கடைப்பெண். பதினாறு பதினேழு வயதுப் பெண்களே மிகுதி. பொருளின் விலை பெட்டியில் எழுதியிருக்கிறது, பேரம் கிடையாது, பேச வேண்டியதும் இல்லை. காசை வாங்கிப் பையில் போட்டுக் கொடுக்க யார்தான் ஆகாது என்பது முதலாளியின் வாதம். மலிவான ஆள் இல்லாமல் மலிவான சரக்கு விற்க முடியாது என்று 1892-இல் தம் கடை மேலாளர்களுக்குக் கடிதமே எழுதினார் உல்வொர்த். திறமை வளர்ந்து வெளியே அதிகக் கூலி கிடைக்கும் என்று ஒருத்தி சொன்னால், போகட்டும் என்று விட்டுவிடுங்கள் என்பதும் அதே கடிதத்தின் கருத்து. மூன்று மாதம் கூலியில்லாமல் உழைத்தவர், பத்து டாலர் எட்டானபோது துடித்தவர் எழுதிய கடிதம் இது! பட்ட அடி சிலருக்குப் பிறர் வலியை உணர்த்தும். வேறு சிலருக்கு எங்கே அடிப்பது என்று கற்றுக் கொடுக்கும். உல்வொர்த் இரண்டாம் வகை.

நாள் முழுவதும் நிற்க வேண்டும். கடைப்பெண்களுக்கு ஆசனம் வைக்க வேண்டும் என்று அமெரிக்காவின் பல மாநிலங்களில் சட்டம் வந்தது. ஆசனமும் வைத்தார்கள். ஆனால் உட்கார்ந்தவளைச் சோம்பேறி என்று மேலாளர் குறித்துக்கொள்வார் என்ற அச்சத்தில், ஆசனம் ஆசனமாகவே இருக்கும். பெண் நின்றுகொண்டே இருப்பாள். கிறிஸ்துமஸ் வாரத்தில் கால் வீங்க நின்ற அந்தப் பெண்கள், ஜனவரி பிறந்ததும் வேலையில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்படுவதும் இந்த வியாபாரத்தில் வழக்கம்.

காசு எங்கே போயிற்று? வானத்தை நோக்கிப் போயிற்று! 1913 ஏப்ரல் 24 இரவு, வாஷிங்டனில் ஜனாதிபதி உட்ரோ வில்சன் ஒரு பொத்தானை அழுத்தினார். நியூயார்க்கில் 792 அடி உயரமான உல்வொர்த் கட்டடம் தலைமுதல் கால்வரை ஒளி வீசிற்று. கட்டடக் கலைஞர் காஸ் கில்பர்ட் தேவாலயச் சாயலில் வரைந்தது. 1930 வரை உலகில் அதைவிட உயர்ந்த மாளிகை இல்லை. செலவு ஒரு கோடியே முப்பத்தைந்து லட்சம் டாலர். கடன் வாங்காமல் ரொக்கமாகக் கொடுத்தார் என்று பெருமை பேசினார்கள். 'வணிகத்தின் தேவாலயம்' என்று ஒரு பாதிரியார் பெயரும் சூட்டினார்! முன்கூடத்தின் மேல்மூலையில் ஒரு சிறு சிற்பம் இன்றும் இருக்கிறது. உல்வொர்த் குனிந்து உட்கார்ந்து சில்லறை எண்ணுகிறார். வேடிக்கையாகச் செதுக்கினார்கள் என்று சொல்லுவார்கள். நமக்கு அது கணக்குப் புத்தகத்தைவிட நேர்மையானதாகத் தோன்றுகிறது. அவரும் ஒருவழியாக உட்கார்ந்துவிட்டார் பாருங்கள்!

கிரெஸ் வேறு வழியில் போனார். தம் கடைக் கட்டடங்களை ஊருக்கு ஊர் வண்ண ஓடும் பூவேலையுமாக எழுப்பினார். வந்த இலாபத்தில் இத்தாலியின் பழம்பெரும் ஓவியங்களை வாங்கிக் குவித்து, வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்துக்கு வாரி வழங்கினார். மடோன்னா ஓவியங்கள் பல இன்று அங்கே தொங்குவதற்கு ஊசியும் நூலும் விற்ற காசுதான் மூலம்.

உல்வொர்த் 1919-இல் மறைந்தார். அவர் பேத்தி பார்பரா ஹட்டன் 1933-இல், இருபத்தோராம் வயதில், சுமார் ஐந்து கோடி டாலருக்கு உரியவரானார். அது எந்தக் காலம்? பெருமந்தத்தின் பிடியில் அமெரிக்கத் தொழிலாளி ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலம். பேத்தியின் திருமணங்களும் விருந்துகளும் பத்திரிகைகளின் முதற்பக்கத்தை நிரப்பின. கடைக்குள் நின்ற பெண்களும் அந்தப் பத்திரிகையைப் படித்தார்கள்!

படித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. 1937 பிப்ரவரி 11-இல் பிளின்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து நடத்திய வேலைநிறுத்தம் வெற்றியில் முடிந்தது. பதினாறு நாள் கழித்து, பிப்ரவரி 27, சனிக்கிழமை. பக்கத்து நகரமான டெட்ராய்ட்டில், உட்வர்ட் சாலை உல்வொர்த் கடை. வார இறுதிக் கூட்டம் நெரிகிறது. திடீரென்று ஒரு விசில் ஒலி! சங்க ஊழியர் ஒருவர் "வேலைநிறுத்தம்" என்று குரல் கொடுத்தார். நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு மேசைகளிலிருந்து விலகி நின்றார்கள். வாங்க வந்தவர்களை வெளியே அனுப்பினார்கள். கதவைச் சாத்தினார்கள். பிறகு, அந்தக் கடை தோன்றிய நாள்முதல் நடக்காத ஒன்றைச் செய்தார்கள்: உட்கார்ந்தார்கள்!

ஏழு நாள் அங்கேயே இருந்தார்கள். மேசைகளுக்கு நடுவே மெத்தை விரித்து உறங்கினார்கள். உணவுக்கு ஒரு குழு, துப்புரவுக்கு ஒரு குழு, சோர்வு தட்டாமல் உற்சாகமூட்ட ஒரு குழு என்று தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். சமையற்காரர் சங்கம் உணவு தந்தது. பாட்டு, ஆட்டம், சிரிப்பு. பேத்தியம்மாள் பெயரை வைத்துக் கேலிப் பாட்டும் கட்டினார்கள்! இந்தச் சிறுமிகள் என்ன செய்துவிடப் போகிறார்கள் என்று ஏளனம் பேசியவர்கள், நாடெங்கும் பத்திரிகைகளில் படம் வரக் கண்டு திகைத்தார்கள். சுமார் 2,000 கடைகள் வைத்திருந்த கம்பெனி அது. கோரிக்கைக்கு இணங்காவிட்டால் மற்றக் கடைகளுக்கும் பரவும் என்று சங்கம் எச்சரித்தது. இரண்டாவது கடையிலும் பெண்கள் உட்கார்ந்தார்கள். மார்ச் 5-ஆம் நாள் கம்பெனி பணிந்தது. மணிக்கு ஐந்து சென்ட் கூலி உயர்வு. 48 மணிக்கு மேல் உழைத்தால் ஒன்றரைப் பங்கு கூலி. சீருடைச் செலவு கம்பெனியுடையது. வேலைநிறுத்த நாள்களுக்கும் பாதிச் சம்பளம். ஐந்து சென்ட்! எந்த நாணயத்தால் மாளிகை எழுந்ததோ அதே நாணயம், மணிக்கொன்று, இனி மேசையின் உட்புறத்துக்கும் வரும்.

இந்த வெற்றியில் பங்கு பெறாத ஒரு மக்கள் கூட்டம் உண்டு. தென் மாநிலங்களில், கறுப்பின மக்களை இந்தக் கடைகள் மேசையின் முன்னே வரவேற்றன; காசுக்கு நிறம் இல்லையே! ஊசி வாங்கலாம், பற்பசை வாங்கலாம், குறிப்பேடு வாங்கலாம். ஆனால் அந்தச் சிற்றுண்டி மேசை இருக்கிறதே, தரையில் பதித்த வட்ட ஸ்டூல்கள் இருக்கின்றனவே, அங்கே வெள்ளையர் மட்டுமே உட்காரலாம். கறுப்பர் நின்றபடி வாங்கித் தின்னலாம். அல்லது பொட்டலம் கட்டிக்கொண்டு வெளியே போகலாம். அதே மேசைக்குப் பின்னால் சமைத்தவர்களும் தட்டுக் கழுவியவர்களும் கறுப்பினப் பெண்களே. கை பட்ட உணவு ஆகும். பக்கத்தில் உட்கார்ந்தால் ஆகாது!

இந்தக் கூத்தை வட கரோலினாவின் சார்லட் நகரப் பத்திரிகையாளர் ஹாரி கோல்டன் 1956-இல் நையாண்டி செய்தார். கடையில், வங்கியில், வரிசையில் கறுப்பரோடு நிற்பதில் வெள்ளையருக்கு எந்தத் தடையும் இல்லை, உட்கார்ந்தால்தான் வம்பு. ஆகவே பள்ளிக்கூடங்களில் நாற்காலிகளை எடுத்துவிடுங்கள், பிள்ளைகள் நின்றுகொண்டே படிக்கட்டும், சிக்கல் தீர்ந்தது என்று யோசனை சொன்னார்!

அதே வட கரோலினா, கிரீன்ஸ்பரோ நகரம், 1960 பிப்ரவரி 1, மாலை. விவசாய தொழில்நுட்பக் கல்லூரி மாணவர் நால்வர், எசெல் பிளேர், பிராங்க்ளின் மெக்கெயின், ஜோசப் மெக்நீல், டேவிட் ரிச்மண்ட், உல்வொர்த் கடைக்குள் நுழைந்தார்கள். முதலில் சில்லறைச் சாமான் வாங்கிச் சீட்டும் பெற்றுக்கொண்டார்கள். பிறகு நேரே போய் ஸ்டூல்களில் உட்கார்ந்து காப்பி கேட்டார்கள். கிடைக்கவில்லை. எழவும் இல்லை. அந்த மேசையில் எங்கள் காசு செல்லும்போது இந்த மேசையில் ஏன் செல்லாது என்பதே அவர்கள் கேள்வி. மேலாளர் திகைத்தார், காவலர் ஒருவர் தடியைத் தட்டிக்கொண்டு உலாவினார், கை ஓங்க வழியில்லை, அவர்கள் செய்ததெல்லாம் உட்கார்ந்தது! மேசைக்குப் பின்னால் வேலை செய்த கறுப்பின மூதாட்டி ஒருவர், ஏன் வம்பு செய்கிறீர்கள் என்று அவர்களையே கடிந்துகொண்டார் என்று பின்னாளில் நால்வரும் நினைவுகூர்ந்தார்கள். அவரைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. வயிற்றுப் பாடு வாயை எப்படிப் பேச வைக்கும் என்பது தொழிலாளிக்குத் தெரியும். வெள்ளைக்கார மூதாட்டி ஒருவரோ அருகே வந்து, இதை முன்பே செய்திருக்க வேண்டாமா என்று கேட்டாராம்!

மறுநாள் இருபதுக்கு மேற்பட்டோர். மூன்றாம் நாள் 66 ஆசனங்களில் 63 மாணவர் வசம். அந்த வாரம் முடிவதற்குள் நூற்றுக்கணக்கானோர். பக்கத்திலிருந்த கிரெஸ் கடைக்கும் பரவிற்று. ஓவியங்களை நாட்டுக்கு வாரி வழங்கிய அதே கிரெஸ்தான். அங்கும் கறுப்பருக்கு ஸ்டூல் இல்லை! இரண்டு மாதத்துக்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட நகரங்கள். உள்ளூர் வழக்கத்தை அனுசரிக்கிறோம் என்று உல்வொர்த் தலைமையகம் மழுப்பியது. நியூயார்க்கிலும் மற்ற வடபுல நகரங்களிலும் அதே கம்பெனியின் கடை வாசல்களில் மறியல் நடந்தது.

நாஷ்வில் நகரத்து மாணவர்கள் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தவர்கள். பயிற்சி தந்த ஜேம்ஸ் லாசன், 1953 முதல் 1956 வரை நம் நாட்டு நாகபுரியில் ஹிஸ்லாப் கல்லூரியில் பணியாற்றியவர். காந்தியாரின் போராட்ட முறையைக் கற்றுச் சென்றவர். நேராக உட்கார், மேசையைப் பார், திட்டினால் திட்டாதே, அடித்தால் அடிக்காதே என்று விதி வகுத்தார்கள். 1960 பிப்ரவரி 27, அதுவும் ஒரு சனிக்கிழமை. டெட்ராய்ட்டில் அந்த விசில் ஒலித்து இருபத்து மூன்று ஆண்டு நிறைந்த அதே நாள். ரவுடிகள் புகுந்து மாணவர்களை ஸ்டூல்களிலிருந்து இழுத்துத் தள்ளி அடித்தார்கள். காவல்துறை கைது செய்தது 81 பேரை. அடித்தவர்களை அல்ல, உட்கார்ந்தவர்களை! ஒரு வரிசை கைதானதும் அடுத்த வரிசை வந்து உட்கார்ந்தது. மே 10-ஆம் நாள் நாஷ்வில் சிற்றுண்டி மேசைகள் திறந்தன.

எல்லா ஊரிலும் அப்படித் திறந்துவிடவில்லை. 1963 மே 28-இல் மிசிசிப்பியின் ஜாக்சன் நகர உல்வொர்த் கடையில் உட்கார்ந்தவர்கள் தலையில் சர்க்கரையையும் கடுகுக் குழம்பையும் தக்காளிக் குழம்பையும் கொட்டினார்கள். அந்தப் புகைப்படம் இன்றும் இருக்கிறது. கொட்டுகிறவர்களின் முகத்தில் சிரிப்பு. எல்லாம் அந்த மேசைமேல் கைக்கெட்டும் தூரத்தில் திறந்து வைத்திருந்த பொருள்கள்தாம்.

கிரீன்ஸ்பரோவில் கம்பெனி பணிய 1960 ஜூலை 25 வரை ஆயிற்று. வியாபாரத்தில் விழுந்த அடி பொறுக்க முடியவில்லை. அன்று அந்த மேசையில் முதலில் உட்கார்ந்த கறுப்பர் யார்? மாணவர்கள் அல்லர். அந்தக் கடையிலேயே வேலை செய்த சிப்பந்திகள்! சீருடையைக் களைந்துவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த நல்ல உடையை உடுத்திக்கொண்டு, சத்தமில்லாமல் வந்து ஸ்டூலில் அமர்ந்தார்கள். அவர்களுள் ஒருவரான ஜெனீவா டிஸ்டேல் முட்டை சாண்ட்விச் கேட்டுச் சாப்பிட்டார். அதுவரை பிறர் உட்கார்ந்து உண்ண, பின்னால் நின்று பரிமாறியவர் அவர்.

அதன் பிறகு இந்தக் கடைகள் நெடுநாள் வாழவில்லை. 1932-இல் விலை வரம்பு இருபது சென்ட்டாக ஏறி, 1935-இல் வரம்பே போய்விட்டது. பெயர் மட்டும் மிஞ்சியிருந்தது. 1950-களில் கடைப்பெண்ணே வேண்டாம், எடுத்துக்கொண்டு வாசலில் காசு கொடு என்ற முறை வந்தது. மேசைகளின் உட்புறம் காலியாயிற்று. ஊர் நடுவே இருந்த வாடிக்கைக்காரர் காரில் ஏறிப் புறநகருக்குப் போனார். 1962-இல் கிரெஸ்கி கம்பெனி கே-மார்ட் தொடங்கிற்று. அதே ஆண்டில் வால்மார்ட்டும் பிறந்தது. அதன் நிறுவனர் சாம் வால்டன் தொழில் கற்றதும் ஓர் ஐந்து-பத்து சென்ட் கடையில்தான். 1997-இல் நியூயார்க் பங்குச் சந்தையின் டௌ ஜோன்ஸ் பட்டியலிலிருந்து உல்வொர்த் பெயரை நீக்கினார்கள். புதிதாகச் சேர்த்த பெயர்களுள் வால்மார்ட்டும் ஒன்று. அந்த ஆண்டே, மிஞ்சியிருந்த நானூறுக்கு மேற்பட்ட கடைகளையும் மூடுவதாகக் கம்பெனி அறிவித்தது. ஆயிரக்கணக்கான சிப்பந்திகள் வீதிக்கு வந்தார்கள்.

கிரீன்ஸ்பரோ கடை அதற்கு முன்பே, 1993-இல் மூடப்பட்டது. கட்டடத்தை இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கப் போகிறார்கள் என்று பேச்சு எழுந்தது. ஊர் மக்கள் தடுத்தார்கள். 2010 பிப்ரவரி 1-இல், நால்வர் உட்கார்ந்து சரியாக ஐம்பது ஆண்டு நிறைந்த நாளில், அது உரிமைப் போராட்ட அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. பொத்தான் மேசையும் ரிப்பன் மேசையும் மிட்டாய் மேசையும் போன இடம் தெரியவில்லை. சிற்றுண்டி மேசையின் ஒரு துண்டு, நான்கு ஸ்டூல்களோடு, வாஷிங்டன் தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மீதி மேசை பழைய இடத்திலேயே, அதே சுவரோரம்.